வெர்னா தோளுக்கு அளந்த துப்பாக்கி

குலுக்கலில் வெர்னாவின் பெயர் விழுந்த சேதி வந்தபோது அவள் குதிரைமசால் வயலில் முழங்கால்வரை நனைந்து குழாய் மாற்றிக்கொண்டிருந்தாள். நாற்பதடி நீள அலுமினியக் குழாய். நடுவில் பிடித்துத் தூக்கி, உள்ளே தேங்கிய தண்ணீரை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொட்டி, ஈரமண்ணில் சறுக்காமல் நடந்துபோய், முந்தின குழாயின் வாய்க்குள் சொருகித் திருப்ப வேண்டும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பாசிமரோய்ப் பள்ளத்தாக்கில் மேகம் வரும், காற்று வரும், இடிகூட வரும். மழை மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பெய்துவிடும். தண்ணீரை மனுஷர்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கல்யாணமாகி இந்தப் பண்ணைக்கு வந்த நாளிலிருந்து வெர்னா அலைந்துகொண்டிருக்கிறாள்.

அவள் புருஷன் ஆரின் வரப்போரம் வண்டியை நிறுத்திவிட்டு, வரப்பைச் சுற்றி வராமல் பயிரை மிதித்துக்கொண்டு வந்தான். பயிரை மிதிக்கிறவன் இல்லை அவன்.

“வெர்னா, ஒனக்கு விழுந்துருச்சு.”

“என்ன விழுந்துச்சு? எவன் மாடு?”

“மலைக்கடாச் சீட்டு. குலுக்கல்ல ஒன் பேரு வந்துருக்கு.”

அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். “ஒனக்கு?”

“எனக்கு இல்ல” என்றான் ஆரின். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பை ரொம்ப நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

வளைந்த கொம்புள்ள மலைக்கடாவைச் சுட ஐடஹோ மாநிலத்தில் அனுமதிச் சீட்டு வேண்டும். வருஷத்துக்கு வருஷம் ஆயிரக்கணக்கான பேர் கேட்பார்கள், விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் கொடுப்பார்கள். ஒரு கடாவைச் சுட்டுவிட்டால் ஆயுசுக்கும் மறுபடி கேட்க முடியாது. ஆரின் மீசை அரும்பிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருஷமும் முடிவு வரும், பார்ப்பான், கம்பிச்சுருளை எடுத்துக்கொண்டு வேலி கட்டப் போய்விடுவான். எத்தனை வருஷம் காத்தாய் என்ற கணக்கெல்லாம் அந்தக் குலுக்கலுக்குக் கிடையாது. கிழவனும் ஒன்றுதான், நேற்று வந்தவனும் ஒன்றுதான். இந்த வசந்தத்தில் தன் விண்ணப்பத்தைப் போடும்போது, “ஒன் பேரையும் சேத்துப் போட்டுவிடவா?” என்று கேட்டான். மாவு பிசைந்துகொண்டிருந்த வெர்னா, “போடேன், என்ன கெட்டுப்போச்சு” என்றாள். அவ்வளவுதான் அவள் செய்த தவம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்க் மான் கறியும் வெள்ளைக் குழம்பும் வைத்திருந்தாள். ஆரினுக்கு இறங்கவில்லை. மறுநாள் அவனுக்குத் தெரியாமல் வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போட்டு, சீட்டைப் புருஷன் பேருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். பிள்ளைக்கோ பேரனுக்கோ என்றால் மாற்றலாம், புருஷனுக்கு முடியாது என்றது போனில் பேசின பெண். இவர்களுக்குப் பிள்ளை கிடையாது. வெர்னா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கிழக்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றிக்கொடுக்க முடிந்திருந்தால் அன்றைக்கே மனசார மாற்றிக் கொடுத்திருப்பாள். அது சத்தியம்.

தீவனக்கடைக்குப் போனபோதுதான் சங்கதி வேறுமாதிரித் திரும்பியது.

ஊருக்கே சேதி தெரிந்திருந்தது. கடைக்காரன் வேட் கல்லாவை விட்டு எழுந்து வந்து ஆரினின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆரினின் அண்ணன் ராய்ஸ், விதை மூட்டைமேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவன், அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

“வாடா அதிர்ஷ்டக்காரா. எந்தத் துப்பாக்கி எடுத்துட்டுப் போகப்போறே?”

“இன்னும் யோசிக்கல” என்றான் ஆரின்.

“என்னத்த யோசிக்கிறது? முந்நூறு மேக்னம்தான். அந்தப் பாறைக்காட்டுல கடா ஒன்னக் கண்டா பக்கத்துலயா வந்து நிக்கும்? இந்தக் கரையில நீ, அந்தக் கரையில அது. எண்ணூறு கஜம் எட்டணும். எடையும் இருக்கக்கூடாது. அடிவாரத்துல ஒரு பவுண்டுன்னா உச்சிக்குப் போறப்ப ஒரு மூட்டை.”

வேட் சொன்னான், “எடை கொறைஞ்சா உதை கூடும் ராய்ஸ்.”

“ஆரின் தோளுக்கு அது என்ன உதை? கழுதை உதைச்சே அசையாதவன்.”

வெர்னா ஐம்பது பவுண்டு உப்புக்கட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்தாள். “சீட்டு என் பேருல வந்துருக்குன்னு சொன்னாங்க” என்றாள்.

ராய்ஸ் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். “தெரியும் தாயி. எங்க வீட்டு அம்மா பேருலயும்தான் சீட்டு வருது. அவ அடுப்படிய விட்டு நகராமலே ரெண்டு எல்க் சுட்டுருக்கா. குறி தப்பவே தப்பாது அவளுக்கு.”

கடையே சிரித்தது. அந்தப் பள்ளத்தாக்கில் அது ஒரு வழக்கம். பெண்டாட்டி பேரில் சீட்டு வாங்குவார்கள், புருஷன் போய்ச் சுடுவான். சட்டத்துக்கு விரோதம்தான். இலாகாக்காரனுக்கும் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். சீட்டில் இருப்பது அவள் பெயர், விசையில் இருப்பது அவன் விரல். சும்மா கிடக்கிற பெயர்தானே என்று ஊரார் நினைப்பு.

வெர்னாவைக் குத்தியது ராய்ஸின் பேச்சு இல்லை. ராய்ஸ் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஆரினும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். “இல்லடா, அவதான் சுடப்போறா” என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உப்புக்கட்டியை வண்டியில் அவளேதான் போட்டாள். போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடியது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“ஆரின், யாரு சுடப்போறா?”

“ஒன் பேருலதான வந்துருக்கு.”

“அது பதில் இல்ல.”

“என்ன கேக்கறே நீ?”

“என் பேரப் போடுறப்ப என்ன நெனைச்சுப் போட்டே? வெர்னாவுக்கு ஒரு கடா கெடைக்கட்டும்னா, நமக்கு ரெண்டு சீட்டாச்சுன்னா?”

ஆரின் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவனைக் கட்டிக்கொண்டதில் அவளுக்குக் கிடைத்த சௌகரியம் அது ஒன்று. “ரெண்டாவதுதான்” என்றான். “விழும்னு நெனைக்கல. விழுந்ததும் சந்தோசம்தான். ஆனா என் சந்தோசமான்னு தெரியல.”

“நான் மாத்திக் குடுக்க முடியுமான்னு கேட்டேன்.”

“யார்ட்ட?”

“இலாகால. முடியாதாம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதுவரை அவனுக்குத் தெரியாது.

“இப்ப குடுக்கச் சொன்னாலும் குடுக்க மாட்டேன்” என்றாள் வெர்னா. “காலையில குடுத்துருப்பேன். ஒன் அண்ணன் கண்ணடிச்சான் பாரு, அதுல போச்சு. என் பேரு சும்மா கெடக்கற பேரு இல்ல. இந்தப் பண்ணையில ஒவ்வொரு குழாயும் என் தோளுல ஏறி எறங்கியிருக்கு. அந்தக் கடாவ நான் சுடறேன். இல்லாட்டி யாரும் சுடல.”

ஆரின் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். சம்மதமா, வருத்தமா என்று பார்த்தால் தெரியாது. கடைசியில், “அப்ப ஒனக்கு ஒரு துப்பாக்கி வேணும்” என்றான்.

சின்ன வயசில் வெர்னா அப்பாவோடு மான் சுட்டவள்தான். ஆனால் சுட்டதெல்லாம் சேஜ் புதர்க்காட்டில், பக்கத்தில். பன்னிரண்டாயிரம் அடி மலையில் மூச்சு இரைக்க ஏறி, காற்று அடிக்கிற ஓடைக்கு அக்கரையில் நிற்கிற கடாவைச் சுடுவது வேறு சங்கதி. அதற்குத் துப்பாக்கி இறகு மாதிரி இருக்க வேண்டும், குண்டு தூரம் போக வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைவதில்தான் வம்பு. லேசான துப்பாக்கி தோளில் முட்டும். கனமான துப்பாக்கி அசையாது நிற்கும், ஆனால் அதைச் சுமக்கிற ஆள் உட்கார்ந்துவிடுவாள்.

ஆரின் இராத்திரிகளில் மேசைமேல் சமையல் தராசை வைத்துக்கொண்டு துப்பாக்கி உறுப்புகளை நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தான். டைட்டானியம் உடல், இரும்பைவிட லேசான கரிநார் சுற்றின குழல், தோளில் வைக்கிற கரிநார்க் கட்டை. குறிபார்க்கிற ஸ்கோப்பின் எடை, அதைப் பிடிக்கிற வளையத்தின் எடை, தோள்வாரின் எடை. வெர்னா பார்த்துவிட்டு, “மாவு நிறுக்கற தராசுல எண்ணெய்க் கறையப் பண்ணிட்டே” என்று திட்டினாள். ஆனால் அவன் கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. இந்தத் துப்பாக்கியை அவன் மனசுக்குள் எத்தனையோ வருஷமாகச் செய்துகொண்டிருந்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராய்ஸின் ஜல்லிக்குழியில் அவனுடைய முந்நூறு மேக்னத்தைச் சுட்டுப் பார்க்கப் போனார்கள். ராய்ஸ் அதைப் பட்டுத்துணியில் சுற்றாத குறையாகக் கொண்டுவந்தான்.

“பாத்து தாயி, இது பொம்பளைக்குக் கட்டுப்படாது.”

“ஒனக்கே கட்டுப்படுதுன்னா பரவால்ல” என்றாள் வெர்னா.

குப்புறப் படுத்துக் கட்டையைத் தோளில் வைத்தாள். கட்டை அவளுக்கு நீளம். விசைக்குக் கை எட்டக் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருந்தது; கட்டையின் அடி தோள்குழிக்குள் அமராமல் புஜத்தின்மேல் வழுக்கிக்கொண்டு நின்றது. சுட்டாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது ராய்ஸின் சிரிப்பும் வாய்க்குள் ரத்த ருசியும்தான். ஸ்கோப்பின் விளிம்பு வலது புருவத்துக்குமேல் பிறைநிலா மாதிரி வெட்டியிருந்தது.

“குறி எங்க பட்டுச்சு?” என்று கேட்டாள், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

“மலையில பட்டுச்சு” என்றான் ராய்ஸ். “டேய் ஆரின், இது கடவுளாப் பாத்துச் சொல்றது. ஆம்பளை சோலிய ஆம்பளை பாக்கட்டும். அவ கூடாரத்துல உருளைக்கெழங்கு வறுக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?”

ஆரின் கைக்குட்டையை மடித்து அவள் புருவத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வெர்னா விடவில்லை, இன்னும் சுட்டாள். ஒரு தடவை ஆரின் அவளுக்குத் தெரியாமல் தோட்டா போடாமலே துப்பாக்கியைக் கொடுத்தான். விசையை இழுத்தாள். வெடிக்கவில்லை. ஆனால் குழலின் மூக்கு சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது, தோள் முன்னால் பாய்ந்தது, கண் மூடிக்கொண்டது. அடி விழுமுன்னே பயந்து பதறிவிட்டாள். உடம்பு அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ராய்ஸ்கூடச் சிரிக்கவில்லை. வெர்னாவுக்கு முகம் கொதித்தது. குதிரை மிதித்திருக்கிறது, கன்று ஈனும்போது பசு உதைத்து விலா எலும்பு தெறித்திருக்கிறது. ஒன்றுக்கும் கண்ணை மூடினவள் இல்லை அவள்.

வண்டியில் திரும்பும்போது ஆரின் மெதுவாகச் சொன்னான். “தப்பு என்னோடது. எனக்கு வேணுங்கறதத்தான் நான் ஒனக்குத் தேடிட்டிருந்தேன்.”

“பெறகு?”

“ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கி போதும். குண்டு ஒல்லி, நீளம். காத்து ரொம்பத் தள்ளாது. மேக்னத்துல பாதி உதைகூட இருக்காது. முன்னால சைலன்சர் போட்டா இன்னும் அடங்கும்.”

“எண்ணூறு கஜம் போகுமா?”

“போகும். நீ போவியா?”

“தெரியல” என்றாள் வெர்னா. “போய்ப் பாத்துதான் சொல்லணும்.”

சால்மன் ஊரில் துப்பாக்கி கட்டித் தருகிற ஹோலிஸ் என்ற ஆசாமியிடம் ஆரின் போனிலேயே எல்லாம் சொல்லிவிட்டான். குழல் இன்ன நீளம், உடல் இன்னது, ஸ்கோப் இன்னது, எல்லாம் சேர்ந்து ஏழு பவுண்டைத் தாண்டக் கூடாது. முதல் அறுப்பு வைக்கோல் கட்டி முடிந்து, இரண்டாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது தயார் என்று ஹோலிஸ் கூப்பிட்டான்.

ஹோலிஸின் பட்டறையில் எப்போதும் வெட்டிப்பேச்சுக்காரர்கள் நாலு பேர் இருப்பார்கள். அன்றைக்கும் இருந்தார்கள். வெர்னாவின் புருவத்துப் பிறையைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஹோலிஸ் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து ஆரினிடம் நீட்டினான். ஆரின் வாங்கி, பழக்கதோஷத்தில் தோளில் வைத்தான்.

அது அப்படியே அமர்ந்தது. அவன் கன்னம் தானாகக் கட்டையில் சாய்ந்தது, கண் தானாக ஸ்கோப்பின் நடுவில் நின்றது. கூடப் பிறந்தது மாதிரி இருந்தது. வெர்னா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றைக்குக்கூட இந்த மனுஷன் இப்படிப் பூரித்து நின்றதில்லை என்று நினைத்தாள்.

ஆரின் துப்பாக்கியை இறக்கி அவளிடம் கொடுத்தான். அவள் தோளில் வைத்தாள். கட்டை நீளம். கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. அடி புஜத்தில் வழுக்கியது.

“இது யாரு அளவு ஹோலிஸ்?” என்று கேட்டாள்.

ஹோலிஸ் தாடையைச் சொறிந்தான். “ஆரின் அளவுதான். போன தடவ மான் துப்பாக்கிக்கு எடுத்த அளவு எங்கிட்ட இருந்துச்சு.”

“எனக்குன்னு சொல்லலியா ஒங்கிட்ட?”

“சொன்னான். பொண்டாட்டி சீட்டுக்குன்னு சொன்னான்.” ஹோலிஸ் நல்லவன், வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் வெட்கக்கேடு. “பொண்டாட்டி சீட்டுன்னா… நாங்க எப்பவும் புருசன் அளவுக்குத்தாம்மா கட்டுவோம். யாரும் இதுவரைக்கும் கோவிச்சுக்கிட்டதில்ல.”

வெட்டிப்பேச்சுக்காரர்கள் காப்பிக்கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

“மாத்த முடியுமா?”

“கட்டையப் பின்னால அறுக்கணும். அறுத்தா அறுத்ததுதான், ஒட்ட முடியாது. அதுக்கப்புறம் ஆரினுக்கு இது ஆகாது, வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.” ஹோலிஸ் குரலைத் தாழ்த்தினான். “இப்பிடிப் பண்ணலாம்மா. இந்த ஒரு சீசனுக்கு அப்பிடி இப்பிடி அட்ஜஸ்ட் பண்ணிச் சுட்டுரு. நீ ஒரு கடாதான் சுடப்போறே. அப்புறம் ஆயுசுக்கும் இது அவனுக்கு இருக்கும்.”

நியாயமான பேச்சுதான். வெர்னா தன் வாயால் சொல்ல நினைத்தாள், ‘சரி, விடு, சமாளிச்சுக்கறேன்’ என்று. சொல்லியே பழகின வாய். புருவத்துத் தழும்பு சுருக்கென்று இழுத்தது. துப்பாக்கியைப் பட்டறை மேசைமேல் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையை மடக்கி ஹோலிஸ் முன்னால் ஊன்றினாள்.

“அளந்துக்க.”

ஹோலிஸ் அளவு நாடாவை எடுத்தான். எடுத்துவிட்டு ஆரின் முகத்தைப் பார்த்தான். வெட்டிப்பேச்சுக்காரர்களும் ஆரின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆரின் அந்தத் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பட்டறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“என் மூஞ்சிய எதுக்குப் பாக்கறே? சீட்டு அவளுது, துப்பாக்கி அவளுது. சுடப்போறது அவ. அவ கைய அள.”

அறுக்கும்போது கட்டையின் முன்பகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதும் ஆரின்தான். கரிநார்ப் பொடி அவன் மீசையெல்லாம் படிந்தது. துண்டு கீழே விழுந்ததும் ஹோலிஸ் அதைக் காலால் குப்பைப்பக்கம் தள்ளிவிட்டான். கட்டையின் அடியில் ரப்பர்ப் பட்டையை மாட்டி, ஸ்கோப்பை முன்னால் நகர்த்தி இறுக்கிக் கொடுத்தான். வெர்னா எடுத்துத் தோளில் வைத்தாள். கழுத்தை நீட்டவில்லை, தோளைத் தேடவில்லை. அவள் கண் இருந்த இடத்துக்கே ஸ்கோப்பின் வெளிச்சம் வந்து நின்றது. அவள் அதை இறக்க மறந்து நின்றாள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவன் தன் பாட்டுக்குச் சொன்னான், “இப்பத்தான்யா அது துப்பாக்கி மாதிரி இருக்கு.”

அப்புறம் கோடை முழுக்க ஒரே வேலைதான். விடிகாலையில் குழாய் மாற்றுவாள். முடித்த கையோடு, தோள் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே, துப்பாக்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கிற மேட்டில் ஏறுவாள். ஊரார் எல்லோரும் மேசையில் மணல்மூட்டை வைத்து, நிழலில் உட்கார்ந்து சுட்டுப் பழகுவார்கள். வெர்னா மூச்சு இரைக்க, உட்கார்ந்து, முட்டிமேல் முழங்கையை ஊன்றிச் சுட்டாள். தப்பினாள். நிறையவே தப்பினாள். புகை வாடை அடிக்கிற ஆகஸ்ட்டில், எங்கேயோ காடு எரிந்து சூரியன் செம்பாய்க் கிடந்த நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புக் குறைந்தது. காற்றைப் படிக்க மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தெளிப்பான் தண்ணீர் எந்தக் காற்றுக்கு எவ்வளவு சாய்ந்து எந்தப் பாத்தியில் விழும் என்று பார்த்துப் பார்த்தே வயசான கண் அது. ஆரின் விசிறிமானியை எடுத்து அளப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள். பாதி நாள் சரியாகவும் இருக்கும்.

அறுநூறு கஜத்தில் வைத்த இரும்புத்தகடு பத்துக்கு நாலு தடவைதான் மணியடித்தது. நானூறில் பத்துக்குப் பத்தும் அடித்தது. வெர்னா துப்பாக்கியை இறக்கி, “நானூறு” என்றாள். “அதுக்கு மேல சுடமாட்டேன்.”

ராய்ஸ் கேள்விப்பட்டு வேலியோரம் வந்து நின்று கேலி பண்ணினான். “அந்தத் துப்பாக்கி ஆயிரம் கஜம் போகும் தாயி. எதுக்கு அவ்வளவு பாடு, நானூறுக்கு ஒரு கல்லெடுத்து எறியலாமே.”

“துப்பாக்கி போகும். நான் நானூறு போவேன்” என்றாள் வெர்னா. “மிச்சத்த நடந்து கழிச்சுக்குவேன்.”

ஆரின் வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான், “அவ நடப்பா ராய்ஸ். நீ அவ பின்னால நடந்துட்டு வந்து பேசு.” ராய்ஸ் அப்புறம் வைக்கோல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

செப்டம்பர் கடைசியில் மலையேறினார்கள். ஆரின் துப்பாக்கி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். தன் கை என்ன பேசும் என்றும் தெரிந்திருக்கலாம். கூடாரமும் சோறும் அவன் முதுகில். வறட்டோடைக்குமேல் மரமெல்லாம் முடிந்துபோகிற இடத்தில் கூடாரம் போட்டு, ரொட்டியும் காய்ந்த கறியும் தின்றுகொண்டு, பகலெல்லாம் பாறைகளைத் தொலைநோக்கியால் தடவிக்கொண்டு கிடந்தார்கள். மழை பெய்தது. மழை பனியானது. பெண் ஆடுகளாகவே கண்ணில் பட்டன.

பனி விட்ட காலையில் கடாவைப் பார்த்தார்கள். ஓடைக்கு அக்கரையில், ஒற்றையாய், பாறைத்தட்டில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. கொம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. பழைய ஆசாமி. ஆரின் தூரமானியில் அளந்தான்.

“அறுநூத்தி இருவது.”

வெர்னா ஸ்கோப்பில் பார்த்தாள். காற்று இல்லை. கடா நிதானமாகப் படுத்திருந்தது. துப்பாக்கி போகும்.

“காத்து இல்ல, பட்டுரும்” என்றான் ஆரின் மெல்ல. “நாளைக்கு இருக்குமோ என்னமோ.”

“பட்டுரும். எங்க படும்னு தெரியாது.” அவள் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டாள். “நடப்போம்.”

ஓடைக்குள் இறங்கி, அக்கரையில் ஏற, மூட்டைகளைக் கீழேயே போட்டுவிட்டுக் கையும் காலுமாக ஊர்ந்து போனார்கள். உடைகல் சரிவு, ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. வெர்னாவின் முழங்கால் தோல் உரிந்தது. உச்சிவெயிலில் ஒரு பாறை முகட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தபோது கடா எழுந்து நின்று மேய்ந்துகொண்டிருந்தது. முந்நூற்று எழுபது. நானூறுக்குள் வந்துவிட்டாள்.

ஆனால் அந்த இடத்தில் துப்பாக்கியை ஊன்ற ஒன்றுமில்லை. படுக்க முடியாத செங்குத்து. மூட்டை கீழே. முட்டிமேல் முழங்கையை ஊன்றினாள், கால் சரிந்தது. மறுபடி ஊன்றினாள். இதயம் அடித்த அடியில் குறிக்கோடு கடாவின் முதுகுக்கும் வயிற்றுக்குமாக ஏறி இறங்கியது. லேசான துப்பாக்கி லேசாகவே ஆடும்.

“ஆடுது” என்றாள்.

கடா தலையை நிமிர்த்தி மேல்சரிவைப் பார்த்தது. நாலு எட்டு வைத்தால் பாறைக்குப் பின்னால் போய்விடும்.

“ஆடுது ஆரின். நிக்க மாட்டேங்குது.”

ஆரினின் கை அவள் பக்கமாக வந்தது. வெர்னா கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷ ஆசை, அத்தனை பேர் சிரிப்பு, எல்லாம் அந்தக் கையில் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. மலையில் வேறு ஆள் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தக் கை அவளைத் தாண்டிப் போய், அவளுக்கு முன்னாலிருந்த கூர்ங்கற்களைத் தள்ளி ஒதுக்கியது. பிறகு ஆரின் ஊர்ந்து வந்து, அவளுக்குக் குறுக்கே, சரிவில் பூட்ஸ் நுனியை ஊன்றிக்கொண்டு, கன்னம் மண்ணில் பதியக் குப்புறப் படுத்தான்.

“முதுகுல வை” என்றான்.

“ஒனக்குக் கிறுக்கா?”

“குழல் வாய் என்னைத் தாண்டி நல்லா வெளிய இருக்கான்னு பாத்துக்க. காத அடைச்சுக்கறேன்.”

“கடாவ நீ பாக்க முடியாதே.”

“நீ பாரு” என்றான் அவன். காதில் விரலை வைத்துக்கொண்டான்.

அவள் அவன் இடுப்புக்குமேல், நனைந்த கம்பளிச் சட்டையின்மேல் துப்பாக்கியை வைத்தாள். அவன் மூச்சுக்கு அது ஏறி இறங்கியது. மூச்சைப் பிடி என்று பூட்ஸ் காலால் அவன் தொடையைத் தட்டினாள். முதுகு அசையாமல் நின்றது. குறிக்கோடு கடாவின் முன்னங்காலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. புல் லேசாக இடப்பக்கம் சாய்ந்ததைப் பார்த்து ஒரு கையகலம் காற்றுக்கு விட்டாள். கண்ணைத் திறந்தபடியே விசையை இழுத்தாள்.

கடா முன்னால் இரண்டு எட்டு வைத்தது, முட்டியிட்டது, பக்கவாட்டில் சாய்ந்து தட்டிலேயே படுத்துவிட்டது. அப்புறம் அசையவில்லை.

வெர்னா அடுத்த தோட்டாவை ஏற்றி, பார்த்தபடியே காத்திருந்தாள். பிறகு தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். ஆரின் அப்படியே கிடந்தான். காதில் விரல், வாயெல்லாம் மண். மலைக்கடா விழுவதைப் பார்க்க ஆயுசெல்லாம் காத்துக் கிடந்த மனுஷன், அது விழுந்தபோது ஒரு சாண் தூரத்தில் கிடந்த கல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். அவன் காதிலிருந்து விரலை எடுத்தான்.

“விழுந்துச்சா?”

அவள் தட்டில் கிடந்த கடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெர்னா, விழுந்துச்சா?”

“எந்திரிச்சு நீயே பாரேன்.”

“பாக்கறேன். மொதல்ல நீ சொல்லு.”

“விழுந்துருச்சு” என்றாள். அப்புறம் அந்த மலைக்கே சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள், “நான் சுட்டேன் ஆரின். நான்தான் சுட்டேன்.”

“அப்பிடிச் சொல்லு” என்றான் ஆரின், மண்ணுக்குள்ளிருந்து. பிறகுதான் எழுந்து திரும்பிப் பார்த்தான்.